மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?

திண்டிவனத்திலிருந்து சித்தி டெலிபோனில் கூப்பிட்டாள். சித்தி கூப்பிட்டால் முதல் ஐந்து நிமிஷம் ஊரில் மழை பெய்ததா இல்லையா என்கிற விவரம், அடுத்த ஐந்து நிமிஷம் சித்தப்பாவின் முழங்கால் வலி, அதன் பிறகுதான் விஷயம். அன்றைக்கு மழையும் இல்லை, முழங்காலும் இல்லை. எடுத்த எடுப்பில் கேள்வி வந்து விழுந்தது.

"ஏம்பா, நீ பத்திரிகையிலே இருக்கிறவன். கோல்ப் புரொபஷனல்னா என்ன உத்தியோகம்?"

சமாசாரம் இதுதான். சித்தியின் பெண், என் தங்கை, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையன் போட்டோவில் கறுப்பாக, லட்சணமாக, மேல்வரிசைப் பல் மட்டும் தெரியச் சிரிக்கிறான். எல்லாம் சரி. 'உத்தியோகம்' என்ற இடத்தில், 'சென்னையில் ஒரு கிளப்பில் கோல்ப் புரொபஷனல்' என்று எழுதியிருக்கிறார்கள்.

"உங்க சித்தப்பா சொல்றார், கிளப்புன்னா காபி கிளப்பா இருக்கும்னு. எதிர் வீட்டுக்காரர் சொல்றார், சீட்டாடுற கிளப்புன்னு. எனக்கு ரெண்டும் பிடிக்கலை."

"ரெண்டும் இல்லை, சித்தி. கோல்ப் ஆட்டம் சொல்லித் தருகிற வாத்தியார்."

"வாத்தியார்னா வாத்தியார்னு எழுதறதுக்கென்ன?"

நியாயமான கேள்விதான். நான் பதிலுக்குத் தடுமாறுவதற்குள் சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணு கேள்வி. தரகர் காதோடு காதாகச் சொல்லிட்டுப் போறார். பையன் ஆரம்பத்திலே கேடியா இருந்தானாமே!"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் புத்தகத்தில் பெயர் ஏறிய ஆசாமியைத்தானே நாம் கேடி என்கிறோம்? பெண்ணைப் பெற்றவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? கோல்ப் மைதானத்தில் ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற ஆளுக்கு இங்கிலீஷில் 'கேடி' என்று பெயர், போலீஸ் கேடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று விளக்கினேன்.

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ, மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தானா?" என்றாள் சித்தி. இப்போது குரல் இன்னும் இறங்கிப்போயிருந்தது.

திருடன் இல்லை என்பதில் வந்த நிம்மதியை, கூலிக்காரன் என்ற சந்தேகம் வந்து விழுங்கிவிட்டது. நன்றாக விசாரித்துச் சொல்கிறேன் என்று டெலிபோனை வைத்தேன். அப்படி விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி சித்திக்கு, பாதி நேயர்களுக்கு.

*

திண்டிவனத்தில் கோல்ப் மைதானம் கிடையாது. புளியங்காடு என்று பொருள்படும் ஊர். திந்திரிணீஸ்வரர் கோயில் பெயரிலேயே புளி இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஆடியதெல்லாம் கிட்டிப்புள்தான். ஆகவே சித்தப்பாவுக்கு நான் கிட்டிப்புள்ளை வைத்தே கோல்ப்பை விளக்கினேன். புள்ளுக்குப் பதில் 46 கிராமுக்கு மேற்படாத ஒரு சின்னப் பந்து. அதை அடித்து, நடந்து, மறுபடி அடித்து, நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு குழியில் போட வேண்டும். இப்படி 18 குழிகள். யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவரே ஜெயித்தவர். அடிக்கிற மட்டைக்கும் 'கிளப்' என்றுதான் பெயர் என்பதை மட்டும் சொல்லவில்லை. சித்தப்பா ஏற்கெனவே குழம்பிப்போயிருந்தார்.

ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பையும் மட்டையும் பந்தும் குடையும் தண்ணீரும் சேர்ந்தால் நல்ல கனம். ஆட்டம் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. நடை ஆறு ஏழு கிலோமீட்டருக்கு மேல். கேடி இதைச் சுமப்பதோடு விடுவதில்லை. பந்து எந்தப் புதரில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, குழிக்கு இன்னும் எத்தனை கெஜம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் தப்பாக அடித்துவிட்டு முறைத்தால் வாயை மூடிக்கொண்டு நிற்கவும் வேண்டும். நாலு வருஷம் இப்படி நடந்த பையனுக்கு மைதானத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் மனப்பாடம் ஆகிவிடும். பல கிளப்புகளில் திங்கட்கிழமை அங்கத்தினர்களுக்கு ஆட்டம் இல்லை. அன்றைக்குக் கேடிகளை ஆட விடுவார்கள். யாரோ தூக்கிப் போட்ட பழைய மட்டை, புதரில் பொறுக்கிய பந்து - குருகுலவாசம் அங்கேதான் நடக்கிறது.

நம் தேசத்து கோல்ப் புரொபஷனல்களில் பெரும் பகுதியினர் இந்தக் குருகுலத்திலிருந்து வந்தவர்களே. கல்கத்தாவில் 1829-ல் வெள்ளைக்காரர்கள் கோல்ப் கிளப் ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே அதுதான் பழையது. ஆடியவர்கள் துரைமார்கள், பை தூக்கியவர்கள் பக்கத்துக் குப்பத்துப் பையன்கள். துரைக்குக் கேடி போதாது என்று தோன்றியபோது, கூட ஆடவும் குறையைத் திருத்தவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. கேடிகளில் கெட்டிக்காரன் எவனோ அவன் புரொபஷனல் ஆனான்.

1964-ல் இந்தியன் ஓப்பன் பந்தயம் ஆரம்பமாயிற்று. ஆஸ்திரேலியாவின் பிரபல ஆட்டக்காரர் பீட்டர் தாம்சன் முன்னின்று நடத்தி, முதல் கோப்பையையும் அவரே எடுத்துக்கொண்டார். மறு வருஷம் ஜெயித்த பி.ஜி. சேத்தி ஓர் இந்தியர். ஆனால் அவர் காசுக்கு ஆடாத அமெச்சூர். கோல்ப்பையே பிழைப்பாக வைத்துக்கொண்ட இந்தியர் ஒருவர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டவர் அலி ஷேர். டில்லி கோல்ப் கிளப்பில் பை சுமந்தவர். 1993-ல் இரண்டாந்தரமும் ஜெயித்தார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் கர்நாடக கோல்ப் அசோசியேஷன் மைதானத்தில் கேடியாக இருந்தவர். அவருக்குக் கிடைத்த பரிசு ஏறக்குறைய 2 லட்சம் டாலர். 2016, 2017 இரண்டு வருஷமும் தொடர்ந்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தகப்பனார், ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியர். பிள்ளை அங்கத்தினர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான்.

இதைச் சித்தியிடம் சொன்னபோது, "அவங்களெல்லாம் பெரிய ஆளாயிட்டாங்க. நம்ம மாப்பிள்ளை ஜெயிச்சாரா?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், புரொபஷனல் என்பதில் இரண்டு ஜாதி உண்டு என்பதைச் சொல்ல வேண்டும்.

*

சங்கீதத்தில் கச்சேரி வித்துவான் இருக்கிறார். பாட்டு வாத்தியார் இருக்கிறார். இருவரும் கற்றது ஒரே சரளி வரிசைதான். வித்துவானுக்கு மாலை, சால்வை, பத்திரிகையில் படம். வாத்தியாருக்கு மாசம் பிறந்தால் நாலு வீட்டுச் சம்பளம். கோல்ப்பிலும் அப்படியே. ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஆடுகிறவர் ஒரு வகை. கிளப்பிலேயே இருந்து அங்கத்தினர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறவர் இன்னொரு வகை. இவர்தான் கிளப் புரொபஷனல். நம் வரன் இவர்தான்.

பந்தய வகையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தியாவில் பந்தயங்களை நடத்தும் ஸ்தாபனம் 2006-ல் ஏற்பட்டது. அதில் சேரவே தகுதிப் பந்தயம் ஆட வேண்டும். சேர்ந்த பிறகு ரயில் செலவு, சாப்பாடு, ஜாகை எல்லாம் சொந்தக் கைப்பணம். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆரம்பிப்பார்கள். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் சுமார் 50 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு தம்படி கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூட்டை கட்டுகிறவரின் மனைவி, அந்த மாச மளிகைக் கணக்கை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

கிளப் வாத்தியாருக்கு இந்த மார்வலி இல்லை. காலை ஆறு மணிக்குப் பயிற்சி மேடையில் நிற்பார். வருகிறவர்களுக்குப் பிடி சொல்லித் தருவார்: ஒரு கையின் சுண்டுவிரல் மற்றக் கையின் ஆள்காட்டி விரல்மேல் ஏற வேண்டும், மட்டையைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும், நசுங்கவும் கூடாது, பறக்கவும் கூடாது. பிறகு நிற்கும் நிலை, தோளின் திருப்பம், முழங்காலின் மடிப்பு. பெரிய கம்பெனியை ஆட்டி வைக்கிற முதலாளி, இவர் முன்னால் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, "இப்போ சரியா?" என்று கேட்பார். மட்டைக் கைப்பிடியில் ரப்பர் தேய்ந்துவிட்டால் உரித்துப் புதிது போடுவதும், ஆளின் உயரத்துக்குத் தக்கபடி மட்டையைப் பொறுக்கிக் கொடுப்பதும், கிளப் பந்தயங்களுக்குப் பட்டியல் போடுவதும் இவர் வேலையே.

வருமானம்? கிளப்புக்குக் கிளப் வித்தியாசப்படுகிறது. சில இடங்களில் மாசச் சம்பளம் உண்டு. சில இடங்களில் சம்பளம் இல்லை. சொல்லிக் கொடுக்கும் உரிமை மட்டும் உண்டு, மாணாக்கர் கொடுக்கும் பாடச் சம்பளமே வருமானம். மட்டை, பந்து, தொப்பி, கையுறை விற்கிற கடை ஒன்றையும் சில கிளப்புகள் புரொபஷனலிடம் ஒப்படைக்கின்றன. ஆகவே ஜாதகத்தில் 'உத்தியோகம்' என்று மட்டும் பார்த்தால் போதாது. 'சம்பளமா, பாடக் கட்டணமா?' என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் பத்து நாள் மைதானம் மூடினால் பாடமும் இல்லை, கட்டணமும் இல்லை. இதைச் சித்தி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

"படிப்பு ஏதாவது உண்டா, இல்லை சும்மா பை தூக்கினதுதானா?"

உண்டு. இந்த இடத்தில்தான் காலம் மாறியிருக்கிறது. முன்னெல்லாம் கிளப் காரியதரிசி தலையசைத்தால் போதும், ஒருவன் புரொபஷனல். இப்போது இந்தியன் கோல்ப் யூனியனின் கீழ் தேசிய கோல்ப் அகாடமி என்று ஒன்று இருக்கிறது. ஆடத் தெரியும் என்று காட்ட வேண்டும். பிறகு வகுப்பு, எழுத்துப் பரீட்சை, சொல்லிக் கொடுத்துக் காட்டும் பரீட்சை. கீழ் வகுப்பில் தேறி, சில வருஷம் வேலை பார்த்து, மேல் வகுப்புக்குப் போக வேண்டும். நம் ஊர் ஆசிரியர் பயிற்சி மாதிரியேதான். பை சுமந்த பையன் பள்ளிப்படிப்பை விட்டுவிட்டவனாக இருந்தால், கைக்கு வந்த வித்தை பேனாவுக்கு வராமல் திண்டாடுவதும் உண்டு. நம் வரன் ராத்திரியில் படித்து அந்தச் சான்றிதழை வாங்கியவர் என்று விசாரணையில் தெரிந்தது. எனக்கு அந்தப் பையன்மேல் மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது. ஆட்டம் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்கினாலோ, கிளப்பில் புரொபஷனலாகக் கையெழுத்துப் போட்டாலோ, அமெச்சூர் என்ற அந்தஸ்து போய்விடும். அமெச்சூர்களுக்கான பந்தயங்களில் பிறகு ஆட முடியாது. வேண்டுமானால் விண்ணப்பம் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே 18 வயசில் கைச்செலவுக்கு ஆசைப்பட்டு யாருக்காவது பாடம் எடுத்துக் காசு வாங்கிக்கொண்டால் தொந்தரவு.

*

சித்தியின் மனத்தில் உறுத்தியது வருமானம் இல்லை என்பது எனக்குத் தெரியும். "மூட்டை தூக்கினவன்" என்று நாளைக்கு ஊரில் யாராவது சொல்வார்களே என்பதுதான்.

அவள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. இந்த ஆட்டம் பிறந்த தேசமே அப்படித்தான் நினைத்தது. ஸ்காட்லாந்தில் டாம் மாரிஸ் என்று ஒருவர். 1821-ல் பிறந்தவர். பந்து செய்யும் தொழிலாளியாக ஆரம்பித்து, புல்தரைக் காவலராகி, பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தை நாலு தரம் ஜெயித்தவர். கிளப் புரொபஷனல்களின் பாட்டனார் என்று அவரைச் சொல்லலாம். ஆனாலும் அந்தக் காலத்துக் கனவான்கள் புரொபஷனலைத் தங்கள் சேவகனாகவே வைத்திருந்தார்கள். கிளப் கட்டடத்துக்குள் வர அவனுக்கு உரிமை இல்லை. அங்கத்தினருக்கு மைதானத்தில் குருநாதர், வாசற்படியில் வேலைக்காரன். 1901-ல் ஜே.எச். டெய்லர் முதலிய பிரபலமான புரொபஷனல்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் வாசல் திறக்கவில்லை.

1920-ல் வால்டர் ஹேகன் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் டீல் என்னும் ஊருக்குப் பந்தயம் ஆடப் போனார். கிளப்புக்குள் உடை மாற்ற விடவில்லை. மனிதர் சளைக்கவில்லை. ஒரு பெரிய மோட்டாரை டிரைவரோடு வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலுக்கு நேர் எதிரே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அதே வருஷம் அமெரிக்காவில் டொலிடோ நகரத்து இன்வர்னெஸ் கிளப், பந்தயம் ஆட வந்த புரொபஷனல்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பணம் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு மணிக்கூண்டுக் கடிகாரம் வாங்கி அந்தக் கிளப்புக்குப் பரிசளித்தார்கள். உள்ளே விட்டதற்கே அத்தனை நன்றி!

ஹேகனுக்காவது மோட்டார் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து இந்தியர் ஒருவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பாப்வா செகோலம் என்று பெயர். சிறு வயசில் கேடி. யாரும் சொல்லித் தராததால் மட்டையைக் கை மாற்றிப் பிடித்தே பழகிவிட்டார். வாத்தியார் எவரும் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும்படியான பிடி. அந்தப் பிடியோடு உலகத் தரத்துக்கு ஆடினார். டர்பனில் கிரகாம் வுல்ப் என்று ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். நம் சகோதரிகள் முகத்துக்குப் பூசிக்கொள்கிறார்களே 'ஓலே', அதை முதலில் தயாரித்தவர் அவர்தான். தம் மனைவிக்காகத் தயாரித்தாராம். அவர் பாப்வாவுக்கு வேலை கொடுத்ததோடு, ஐரோப்பாவுக்கும் அழைத்துப் போனார். 1959-ல் பாப்வா டச்சு ஓப்பன் பட்டத்தை ஜெயித்தார். 1960-லும் ஜெயித்தார். 1964-ல் மூன்றாந்தரம்.

இத்தனை பேர் வாங்கியவர் சொந்த ஊரில் 1963-ல் நேட்டால் ஓப்பன் பந்தயத்தில் வெள்ளையர்களையெல்லாம் தோற்கடித்தார். பரிசளிப்பு நேரம். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். பாப்வா இந்தியர், உள்ளே வரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் போட்டோ உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்து, அந்த அரசாங்கத்தின் முகத்தில் கரி பூசியது. 1965-ல் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே அவர் தோற்கடித்தார். அதன் பிறகு அவரைப் பந்தயங்களிலிருந்து ஒதுக்கி, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1978-ல் ஏழையாகவே இறந்துபோனார்.

இதைக் கேட்டுவிட்டுச் சித்தி, "அட பாவமே, மழையிலேயா நிறுத்தினாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் மூட்டைப் பேச்சை எடுக்கவில்லை.

*

இன்னும் ஒரு விஷயத்தை நான் சித்தியிடம் மறைக்க விரும்பவில்லை. கோல்ப் வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நகரத்தில் அத்தனை நிலம் யாருக்குச் சொந்தமாக இருக்கும்? பெரும்பாலும் குத்தகைதான். சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு உள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானம் அமைந்திருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கர் நிலத்தையும் தன் வசம் எடுத்துக்கொண்டது. நகரத்துக்கு ஏரியும் பூங்காவும் வேண்டும் என்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளக் காலத்தில் வேளச்சேரியில் இருந்து பார்த்தவன் நான். ஆனால் அங்கே பை சுமந்தவர்களும் பாடம் சொன்னவர்களும் மறுநாள் காலை எங்கே போய் நின்றிருப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. சென்னையில் நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. நீலகிரியில் ஊட்டி, வெலிங்டன், மலைமேல் கொடைக்கானல், கீழே கோயமுத்தூர். தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓர் இடத்தில் வேலை போனால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று கிடைக்கிற தொழில் இல்லை இது.

வெளிநாடு போகலாம்தான். பிஜித் தீவில் லவுட்டோகா என்னும் ஊரில் பிறந்த விஜய் சிங், ஒரு காலத்தில் போர்னியோத் தீவில் கெனிங்காவ், மிரி என்ற ஊர்களின் கிளப்புகளில் இதே வாத்தியார் வேலை பார்த்தவர். பாடம் சொன்ன நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தனியாகப் பந்தடித்துக்கொண்டே இருப்பாராம். 2004-ல் உலகத்தின் முதல் ஆட்டக்காரர் ஆனார். இதைச் சித்தியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன். மாப்பிள்ளை போர்னியோ போய்விடுவார் என்று பயந்துவிட்டால்?

என் தங்கை மட்டும் தனியாக என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "பொண்ணுங்க இந்த வேலை பார்க்க முடியுமாண்ணா?"

ஏன் முடியாது? கல்கத்தாவின் ஸ்மிருதி மெஹ்ரா, அமெரிக்கப் பெண்கள் பந்தய வட்டத்தில் ஆடிய முதல் இந்தியப் பெண். இப்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர் பெங்களூர் அதிதி அசோக். அவர் கதை ஒரு ஹோட்டலில் ஆரம்பிக்கிறது. அப்பா அம்மாவோடு டிபன் சாப்பிடப் போன இடத்திலிருந்து கோல்ப் பயிற்சி மைதானம் தெரிந்தது. ஐந்து வயசுக் குழந்தை அதென்ன என்று பார்க்க ஆசைப்பட்டாள். 2016-ல் புரொபஷனல் ஆனார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மயிரிழையில் பதக்கம் தவறி நாலாவதாக வந்தார். அந்த ஒலிம்பிக்கில் அவருடைய பையைச் சுமந்த கேடி யார் தெரியுமோ? அவருடைய அம்மா மகேஸ்வரி!

இதைச் சித்தியிடம் சொன்னது நான் இல்லை. என் தங்கைதான் சொல்லியிருக்கிறாள்.

*

பெண் பார்க்க வந்தது ஒரு திங்கட்கிழமை. "நல்ல நாளா பார்க்காம திங்கட்கிழமைதான் வருவோம்னு ஒத்தைக் கால்லே நிக்கறாங்களே" என்று சித்திக்குக் குறை. தங்கை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். நானும் போயிருந்தேன்.

பையன் வெயிலில் காய்ந்த நிறம். இடது கை மட்டும் முன்னங்கைக்குக் கீழே வெளுத்திருந்தது. கையுறை போட்டுப் போட்டு அப்படி ஆகிவிட்டதாம். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. யாரும் கேட்காமலே அவராக ஆரம்பித்தார். அப்பா இறந்தபோது தமக்கு 13 வயசு, மாமா ஒருவர் கிளப்பில் கொண்டுபோய் விட்டார், ஆறு வருஷம் கேடியாக இருந்தேன் என்றார். "கேடி" என்ற இடத்தில் சித்தி என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. மூலையில் இருந்த குடையை எடுத்துக் கொடுத்து, "எப்படிப் பிடிக்கணும்? காட்டுங்க பார்ப்போம்" என்றார். பையன் எழுந்து, குடையைத் தலைகீழாகப் பிடித்து, சித்தப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "முழங்காலைக் கொஞ்சம் மடிக்கணும், மாமா. வலிச்சா வேண்டாம்." சித்தப்பா முழங்காலை மடித்தார். ஆச்சரியம், வலிக்கவில்லை என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தோம்.

பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று பையனின் தாயார் கேட்டார். பையன் இல்லை என்று தலையசைத்தார். என் தங்கை, "நான் ஒண்ணு கேட்கணும்" என்றாள். சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்குத் திங்கட்கிழமைதான் லீவா? எங்க பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான்."

பையன் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைதான் கிளப்பில் கூட்டம் அதிகம், விடியற்காலை நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னார். பிறகு, "பன்னிரண்டு மணிக்கு மேலே வெயில். யாரும் ஆட வர மாட்டாங்க. பன்னிரண்டிலேருந்து நாலு வரைக்கும் வீட்டிலேதான் இருப்பேன்" என்றார்.

"நாலு மணி நேரம்" என்றாள் என் தங்கை, கணக்குப் பரீட்சைத்தாள் திருத்துகிற குரலில்.

"மழை பெய்தால் முழு நாளும்" என்றார் பையன்.

சித்தி இரண்டாவது காபி கலக்க உள்ளே போனாள்.